எண்ணூறு மீட்டரில் ஆறாவது

கம்பம்
12.10.2005

அன்பு மகள் பவுனுத்தாய்க்கு அப்பா செல்லப்பாண்டி எழுதுவது. நீ நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். விடுதிக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் நீ மைதானத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். இங்கே உன் அம்மா சுகம். என்னோடு பேசுவதில்லை, அதனால் இன்னும் சுகம்.

திராட்சை கறுத்து நின்றது. நேற்றைய மழையில் பாதிப் பழம் வெடித்துவிட்டது. கேரளா வியாபாரி வந்து பார்த்து வாயைக் கோணிவிட்டுப் போனான்.

உன் மாமன் கோட்டைச்சாமி பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் வைத்திருக்கிறான். அவன் படம் ஆள் உயரம், உன் படம் தபால்தலை அளவு. ஓட்டப்பந்தயத்தில் முதலிடமாம். அந்த மண்டைக்கு இன்னும் விளங்கவில்லை. எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஸ்டீயரிங் பிடித்தால் உலகமே தெரிந்துவிட்ட நினைப்பு.

அன்றைக்கு உன் போட்டியைப் பார்க்க மதுரைக்கு அந்த ஜீப்பில்தான் பன்னிரண்டு பேர் வந்தோம். இரண்டு நாள், ஏழு போட்டி என்று நீ எழுதியிருந்தாய். தாண்டுவதையும் குண்டு எறிவதையும் எவன் பார்ப்பான், கடைசி ஓட்டத்தைப் பார்த்தால் போதும் என்றான் மாமன். நானும் அந்தக் கூட்டத்தோடு தலையாட்டினேன். எட்டுப் பேர் ஓடி நீ ஆறாவதாக வந்தாய். என்ன மச்சான், இதுக்கா தோட்டத்துக்கு மருந்தடிக்கிறத விட்டுப்புட்டு இம்புட்டுத் தூரம் வந்தோம், பேசாம எம்மவனுக்குக் கட்டி வைங்க என்று பாக்குப் பல்லைக் காட்டினான். கூட வந்தவர்களும் இளித்தார்கள்.

நீ மூச்சு வாங்கிக்கொண்டு கேலரிப் பக்கம் கையைத் தூக்கினாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முதுகைக் காட்டிப் படியிறங்கினேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள் கல்யாணத்துக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் முதலிடம் என்று உன் படம். தப்பாகப் போட்டுவிட்டான் என்றே நினைத்தேன். விளையாட்டு வாத்தியார் மலைச்சாமிதான் விளக்கினார். ஏழு போட்டிப் புள்ளியையும் கூட்டித்தான் முதலிடம் சொல்வாக, ஈட்டியிலயே உங்க புள்ள எட்டாத தூரம் போயிருச்சு, கடைசி ஓட்டத்துல பிந்துனாலும் அவதான் பஸ்ட்டு என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தகும். ஊரிலேயே பெரிய முட்டாள் கோட்டைச்சாமி என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்தவன் நான். அவனாவது வெறும் மாமன். நான் உன்னைப் பெற்றவன்.

கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிவிட்டேன். மாமன் வீட்டுக்கு வந்து குதித்தான். இந்தக் குதிப்புக்கும் புள்ளி போடுவார்களா என்று கேட்டேன். உன் அம்மா அடுப்படியில் சிரித்தாள். பேச்சு மட்டும் இன்னும் இல்லை.

ஆத்தா, அடுத்த போட்டி எந்த ஊரில், என்றைக்கு என்று ஒரு வரி எழுது. நான் மட்டும் பஸ்ஸில் வருவேன். முதல் நாள் காலைத் தடை ஓட்டத்துக்கே வந்து உட்காருவேன். நீ எல்லாருக்கும் கடைசியாக வந்தாலும் சரி, புள்ளியெல்லாம் கூட்டிச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன். ஓடி முடித்ததும் கேலரிப் பக்கம் இன்னொரு தடவை கையைத் தூக்கு.

உன் கால் நோகாமல் இருக்கவேண்டும்.

உன் அப்பா,
செல்லப்பாண்டி