துகினாவின் வாத்துகளும் என் உடும்பும்

மார்ச் 3, ஞாயிறு

இன்று ஊர்த் திடலில் முடிவெட்டும் குஸ்னாடி தன் நீர் உடும்பைத் தூக்கி என் கழுத்தில் போட்டான். நனைந்த சாக்கு மாதிரிக் கனம். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு நாக்கை நீட்டி என் காதை விசாரித்தது. இந்த ஐம்பத்திரண்டு வயதில் என் காதை இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. முடிவு செய்துவிட்டேன், நானும் ஒன்று வளர்க்கப் போகிறேன். எந்த இனம் என்பதுதான் பாக்கி.

துகினாவிடம் சொல்ல வேண்டுமே. நோன்புப் பெருநாள் கழிந்ததும் எங்களுக்குக் கல்யாணம். எனக்கும் இரண்டாவது, அவளுக்கும் இரண்டாவது. இன்னும் மரியாதை விடவில்லை: நான் அவளை 'இபு' என்பேன், அம்மா என்று; அவள் என்னைப் 'பாக்' என்பாள், ஐயா என்று. ஆனால் அவள் பிழைப்பே வாத்து. எங்கள் பிரெபெஸ் ஊரில் உப்பு முட்டை விற்கிறவளிடம் போய் உடும்பு வளர்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியதுதான். எனக்கு வேறு விதம் தெரியாது.

மார்ச் 5

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முட்டைக்குச் சாம்பலும் உப்பும் பூசிக்கொண்டிருந்தாள், இரண்டு கையும் கறுப்பு.

"போன மழைக்கு வாய்க்கால் உடும்பு என் குஞ்சுங்களை வாரிக்கிட்டுப் போச்சு. நீங்க அதோட சொந்தக்காரனையே வீட்டுக்குக் கூட்டிட்டு வரீங்களா?"

"அது வேற குடும்பம், இபு. நான் நல்ல இடமாப் பார்த்துக் கூட்டிட்டு வரேன்."

"பாக் தோலன், நான் விளையாடல. என் வாத்துக் கொட்டகை இருக்கிற வாசல்ல உடும்பு இருக்காது. நானா அதுவான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன். அங்கேதான் கெட்டேன். 'நீதான்' என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நாளெல்லாம் என் பஞ்சர் கடையில் லாரிக்காரர்களோடு வாயாடுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை பார்.

மார்ச் 6

முட்டை வாங்கப் போனேன். தீர்ந்துவிட்டதாம். கூடை நிறைய இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

குஸ்னாடியிடம் போய், "வாத்துக்காரி வீட்டுக்குத் தகுந்த மாதிரி ஒரு உடும்பு சொல்லுடா" என்றேன். கத்தரியை வைத்துவிட்டுக் கல்யாணத் தரகன் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

நீர் உடும்பு: மலிவு, பழகும். ஆனால் ஆள் நீளத்துக்கு வளரும், கண்டதையெல்லாம் விழுங்கும். வாத்து அதற்குக் காலைப் பலகாரம். தள்ளு.

பச்சை மர உடும்பு: அழகி. இலை மாதிரி நிறம். வீட்டில் வைத்தால் போலீஸ் வரும், சட்டம் காக்கிற இனமாம். எனக்கு எதற்கு அந்த அழகு?

ஆப்பிரிக்க உடும்பு: தின்னும், படுக்கும், கொழுக்கும். "உன்னை மாதிரியே இருக்கும்" என்றான். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

கடைசியாக டுமெரில் என்று ஒன்று. கலிமந்தான் தீவிலிருந்து வந்த குஞ்சு, விற்பதற்கு அவன் கடையிலேயே இருந்தது. உடம்பு கறுப்பு, தலை மட்டும் தணல். வளர வளரத் தலை நிறம் போய்விடுமாம், என் தலை போலத்தான். சாதுவாம். அதற்கு நண்டு என்றால் உயிராம்.

நண்டு! சதுப்புக் காட்டு ஓரத்தில் நண்டுக்கா பஞ்சம்? என் கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்த டயரை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 13

பக்கத்து வீட்டு ஜூமாடி சேதி கேட்டு வந்தான். அவனுக்குத் தீராத சொறி. உடும்பைச் சுட்டுத் தின்றால் போகும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"எதை வாங்கினாலும் சதைப்பிடிப்பா வாங்கு, தோலன்."

"வளர்க்கப் போறேன்டா."

"வளர்த்துக்க, வளர்த்துக்க. எனக்கு அவசரமில்ல."

சொறிந்துகொண்டே போனான்.

மார்ச் 17, ஞாயிறு

துகினா வந்தாள்! குஸ்னாடி கடைக்கே. நான் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றவள், தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடியில் தன் வாத்து முட்டை ஒன்றோடு வந்து நின்றாள். முட்டையை டுமெரில் குஞ்சின் முன்னால் வைத்தாள். நான் பக்கத்தில் ஒரு நண்டை வைத்தேன். முடிவெட்ட வந்தவன் பாதித் தலையோடு எழுந்து பார்த்தான்.

குஞ்சு நாக்கை நீட்டியது. முட்டை. நாக்கு. நண்டு. நாக்கு. மறுபடி முட்டை. அப்புறம் நண்டை ஓட்டோடு கடித்தது பாருங்கள், கடை முழுக்க நொறுங்கும் சத்தம். நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன்.

துகினா முட்டையை எடுத்து மடியில் கட்டினாள்.

"வளர்ந்த பிறகும் இப்படியேதானா?"

குஸ்னாடி சீப்பைத் துடைத்தான். "பசிச்சா எதுவும் எதையும் தின்னும், இபு. பொய் சொல்லக் கூடாது."

படுபாவி. பொய் சொல்ல வேண்டிய நாளில்தான் இவனுக்கு நேர்மை வரும். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 9

துகினா என் கடையைக் கடந்து சைக்கிளில் போனாள். மணி அடிக்கவில்லை. எப்போதும் அடிப்பாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

குஸ்னாடியிடம் சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று. ஏன் என்றான். ஒரு பல்லிக்காகப் பொம்பளைய விட்டுட்டு நிக்கிறதா? நான் என்ன கிறுக்கனா? அந்தத் தணல் தலையைப் பார்க்காமல் வந்துவிட்டேன். பார்த்திருந்தால்— சரி, விடு.

மே 4

நோன்பு வருகிறது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற நாள். துகினா வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன்.

"மன்னிச்சுக்குங்க, இபு. உடும்பை விட்டுட்டேன். குஸ்னாடிகிட்டயும் சொல்லியாச்சு."

"யாரைக் கேட்டு விட்டீங்க?"

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"கல்யாணத்துக்கு நீங்க எனக்குக் கொடுக்க வேண்டிய மஹர் என்னன்னு நான் இன்னும் சொல்லலையே?"

"மோதிரம், தொழுகைத் துணி, வழக்கமா…"

"அதெல்லாம் போன கல்யாணத்துல வாங்கியாச்சு. இந்தத் தடவை அந்த நண்டுதின்னியைக் கொடுங்க."

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். அது என் தொழில் ஆயிற்றே.

"மஹர் பொண்டாட்டி சொத்து. புருஷன் அவளைக் கேக்காமத் தொடக் கூடாது. அது உங்ககிட்ட இருந்தா, செல்லம் கொடுத்துத் திறந்து விட்டுருவீங்க. என்கிட்ட இருந்தா நான் சொல்றதுதான் சட்டம். கொட்டகைப் பக்கம் தலை திரும்பிச்சுன்னா அன்னிக்கே குஸ்னாடி கடை. சம்மதமா?"

"சம்மதம். ஆனா உங்களுக்கு எதுக்கு இபு இந்தத் தொல்லை?"

மறுபடி முட்டைக்குச் சாம்பல் பூச ஆரம்பித்தாள். "அன்னிக்கு அது நண்டைக் கடிச்சப்ப நான் அதைப் பாக்கல. உங்க மூஞ்சியத்தான் பார்த்தேன். அந்த மூஞ்சியை அப்புறம் காணவே காணோம்."

வீடு வரை நடந்தே வந்தேன். சைக்கிளை அவள் வாசலிலேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 19, புதன்

கல்யாணம். கூண்டுக்கு மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள். பதிவுக்கார ஐயா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டினார்.

ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: இன்னாருடைய மகள் துகினாவை, டுமெரில் உடும்பு ஒன்று மஹராக, கையோடு கொடுத்து ஏற்றுக்கொண்டேன் என்று. முதல் தடவை 'உடும்பை ஏற்றுக்கொண்டேன்' என்று முடித்தேன். சாட்சிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை எனக்கே சிரிப்பு வந்து மூச்சு போய்விட்டது. அவள் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்தாள்: "வெளிய வாய் கிழியுதே, இங்க என்ன?" மூன்றாவதில் வந்துவிட்டது. "கல்யாணம் செல்லும்! செல்லும்!" என்று கத்தினார்கள். ஜூமாடி சத்தம்தான் எல்லோரையும் விடப் பெரிது, கண் மட்டும் கூண்டின் மேல்.

ஜூலை 7, ஞாயிறு

திடலுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். அவளே எடுத்து வந்தாள். குஸ்னாடி தொடப் போனான். "அவங்களைக் கேட்டுட்டுத் தொடு" என்றேன்.

ஜூலை 21

காலையில் கொட்டகையில் முட்டை எண்ணிக்கை குறைந்திருந்தது. துகினா கூண்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"ராத்திரி பொரிச்சுத் தின்னீங்களா?"

கூண்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் தின்றேன்.