பூட்டிவைத்த வியாழக்கிழமை

பெப்ரவரி 4, செவ்வாய்

பஸ்ஸில் இன்றைக்கும் ஒரு அன்ரி கேட்டா, ஸ்பானிய மொழிக்காரரின் சமூக நிலையத்தில் யாழ்ப்பாணத்துப் பொம்பிளைக்கு என்ன வேலை என்று. கணக்குப் பார்ப்பது, கடிதம் தட்டச்சுவது, அலுவலகத்தில் இருக்கிற கந்தோர் வேலை. நகரத்தின் கிழக்குக் கோடி ஸ்காபரோவிலிருந்து மேற்குக் கோடி ரெக்ஸ்டேல் வரைக்கும் பனிக்குள்ளால் போய் அதைத்தான் ஆறு வருடமாகச் செய்கிறேன்.

உள்ளே காலை வைக்கமுதல் நிலையப் பொறுப்பாளர் மரியோ செய்தி சொன்னார். மானியம் கேட்டு விண்ணப்பித்தோமே, அந்த அறக்கட்டளையின் அதிகாரி இருபதாம் திகதி நேரில் பார்க்க வருகிறாவாம். நல்ல சகுனம். பிடிக்காவிட்டால் வருவார்களா?

இது கிடைக்காவிட்டால் வியாழன் பின்னேரம் இல்லை. பழைய நிதி ஏப்ரலோடு முடிகிறது. கந்தோர் துடைக்கிறவர்கள், தொழிற்சாலையில் நிற்கிறவர்கள், தங்களுக்கு வந்த கடிதங்களை வியாழன்தான் கொண்டுவருவார்கள். மரியோ வாசித்து, ஸ்பானிய மொழியில் விளக்கி, ஆங்கிலத்தில் பதில் எழுதிக் கொடுப்பார். எல் சல்வடோரிலிருந்து வந்த காலத்தில் தனக்கு அப்படிச் செய்ய ஒருவரும் இருக்கவில்லை என்பார்.

பெப்ரவரி 6, வியாழன்

கூட்டம். வழமைபோல நடக்கட்டுமே என்று மரியோ இழுத்தார். நான் விடவில்லை. பதினைந்து வருடம் சங்க விழாக்களுக்கு ஓடித்திரிந்தவள். வருகிறவரை வரவேற்க எனக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டுமா? மண்டபத்தைக் கழுவவேண்டும், பிள்ளைகளின் நடனம் வேண்டும், வரவேற்புரை, சாப்பாடு. ஈரக் கோட்டோடும் பிளாஸ்ரிக் பையோடும் சனம் குந்தியிருக்கிற கோலத்தையா வருகிற மனிசிக்குக் காட்டுவது? அன்றைக்கு மட்டும் கடித வேலையை நிறுத்துவோம் என்றேன்.

மரியோ கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். அவர்களின் ஊரிலும் விருந்தாளி வந்தால் கோழி அடித்த பிறகுதான் மற்றக் கதையாம். இந்த விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

பெப்ரவரி 16, ஞாயிறு

மாலையும் பொன்னாடையும் வாங்கியாயிற்று. மகள் அட்சயா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அம்மா, அவ புரோகிராம் ஒஃபிசர். மினிஸ்டர் இல்லை." சிரிக்கட்டும்.

பெப்ரவரி 20, வியாழன்

முடிந்தது. எப்படி முடிந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மண்டபம் பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், தாய் தகப்பன்மார் நிறைந்திருந்தார்கள். அதிகாரி இளம் பிள்ளை, நல்ல மரியாதை. குளிர்க்கோட்டுக்கு மேலேயே மாலையைப் போட்டேன். பொன்னாடையைத் தடவிப் பார்த்து, அழகாக மடித்து, அன்பளிப்பு வாங்க விதி விடாது என்று திருப்பித் தந்தா. சாப்பிடவுமில்லை. தண்ணீர் மட்டும் குடித்தா. நடனம் நடக்கும்போது என் பக்கம் குனிந்து, "வியாழனிலை வாற ஆக்கள் எங்கை?" என்று ஆங்கிலத்தில் கேட்டா. இன்றைக்கு விசேட நாள் என்றேன். எதையோ குறித்துக்கொண்டா.

இன்னொன்று. நடனம் தொடங்குகிற நேரம் யோலாண்டா வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாள். இரவில் கந்தோர் துடைக்கிறவள், வேலையில் தோள்மூட்டு விலகியவள். பையைத் தூக்கிக் காட்டி ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். மரியோ அதிகாரியோடு நின்றார், நான் கூப்பிடவில்லை. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

பெப்ரவரி 21, வெள்ளி

மாலையில் இருந்த ஜிகினா மண்டபமெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. கூட்டக் கூட்டப் போகுதில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

யோலாண்டா சொன்னபடி வந்தாள். மரியோ கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

தோள் காயத்துக்கு அவளுக்கு நட்டஈடு இல்லை என்ற முடிவை எதிர்த்து எழுத ஒரு கடைசித் திகதி இருந்திருக்கிறது. இருபத்திநான்காம் திகதி. போன வியாழன் அதற்காகத்தான் வந்திருக்கிறாள். அதற்கு முந்தின வியாழன்களில் அவளுக்கு லீவு கொடுக்கவில்லை.

நான்தான் அனுப்பினேன். என்ரை வாயாலை. ஒரு நிமிசம் மரியோவைக் கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பிள்ளைகள் ஆடிக்கொண்டுதானே இருந்தார்கள்.

அவள் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

மார்ச் 3, திங்கள்

இரண்டு விஷயம் ஒன்றாக வந்து நிற்கிறது.

ஒன்று: தக்க காரணம் காட்டினால், தாமதமாக வந்த மனுவையும் நட்டஈட்டுக் கந்தோரில் ஏற்பார்களாம். முன்னறிவித்தல் இல்லாமல் நாங்கள் இருபதாம் திகதி சேவையைப் பூட்டினோம் என்று நிலையம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

மற்றது: அறக்கட்டளையிலிருந்து மின்னஞ்சல். தாங்கள் வந்த அன்று வியாழன் சேவைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள்தானே, நாற்பது என்று எழுதினால் பொய்யில்லை என்கிறார் மரியோ. அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோன மனிதர்.

ஒரே திகதிக்கு, ஒரே நிலையத்தின் தலைப்பில், பூட்டியிருந்தது என்று ஒரு கடிதம், நாற்பது பேர் வந்தார்கள் என்று இன்னொரு கடிதம். இரண்டையும் தட்டச்சு செய்யவேண்டியது நான்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "ரெண்டு கந்தோருக்கு ரெண்டு கதை எழுதினால் ஆர் ஒப்பிட்டுப் பாக்கப்போறாங்கள்?" என்றார். ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

யோலாண்டாவுக்கு எழுதாமல் விட முடியாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மற்றதில் உண்மையை எழுதினால், இத்தனை சனத்தின் வியாழனையும் நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டதாகாதா? ஒருத்திக்குச் செய்த பிழையைத் திருத்த மற்ற எல்லாரும் ஏன் பட வேண்டும்? தலை வெடிக்குது.

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு வாசல்வரைக்கும் சனம். ஈரக் கோட்டுகள், பிளாஸ்ரிக் பைகள். யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையை மரியோ மடியில் வைத்துக்கொண்டே கடிதம் எழுதுகிறார். அதிகாரி இதைப் பார்த்திருந்தால் போதும். மாலையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். அவவுக்குக் காட்ட இருந்த ஒரே நல்ல காட்சியை நான் கழுவித் துடைத்துவிட்டேன்.

எல்லாரும் போனபிறகு மரியோவிடம் சொன்னேன்: "நாற்பது எண்டு நான் அடிக்கமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் அடியுங்கோ." ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் மனதுக்குள் இப்படித்தான் ஓடியது. அவர் கதிரைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தார். பிறகு, இரண்டிலும் பூட்டியிருந்தது என்றே எழுதும் என்றார். அறக்கட்டளையை வேறொரு வியாழன் வந்து பார்க்கும்படியும் கேட்டு எழுதினேன். இரண்டிலும் அவர் கையெழுத்து.

மார்ச் 19, புதன்

பதில் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

வந்தது. அறக்கட்டளையின் பதில். மானியம் இம்முறை இல்லை. நேரில் வந்தபோது சேவையைக் காண முடியவில்லையாம். மீண்டும் வந்து பார்க்க அவர்களின் கால அட்டவணை இடம் தரவில்லையாம். வெளிப்படையாகப் பதில் சொன்னதற்கு நன்றியாம்.

கழிவறைக்குள் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். வியாழன் அல்லவா.

மரியோ என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

கடைசி வியாழன். வருகிற ஒவ்வொருவருக்கும் மரியோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிபோல யோலாண்டா வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்றுக்கொண்டார்களாம். யூனில் விசாரணை. அடுத்த வியாழன் என்னென்ன கொண்டுவரவேண்டும் என்று கேட்டாள். மரியோ என்னைப் பார்த்தார். இதை நான்தான் சொல்லவேண்டும் என்று எனக்கு விளங்கியது.

அடுத்த வியாழன் இல்லை என்றேன். மானியம் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பூட்டியிருந்தோம் என்று அவர்களுக்கும் எழுதினோம். மரியோ ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தார்.

சிரிப்பு போய்விட்டது. "என்ரை கடிதத்தாலையோ?" என்று அவர் மூலமாகக் கேட்டாள்.

"இல்லை. உங்களை வாசலிலை விட்டதாலை."

மரியோ இதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தார். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்தான்.

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். மரியோ அடுத்தவரைக் கூப்பிட்டார். யோலாண்டா கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி ஆள் போகும்வரை இருந்தாள். விசாரணைக்கு என்னென்ன வேண்டும் என்று மரியோ கடைசியாக அவளுக்கு எழுதிக் கொடுத்தார். மண்டபத்தைப் பூட்டுகிறவன் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஏழு மணிக்குப் பூட்டவேண்டிய கதவு, ஒன்பது மணிவரைக்கும் திறந்திருந்தது.