மார்க்கெட் மூலையில் சிவப்புப் பொட்டு

வியாழன், இரவு

சாலைப் பொறியாளர்கள் இன்று பள்ளிக்கு வந்தார்கள். பெரிய மார்க்கெட் தெருக்களின் வரைபடத்தை விரித்து, கடக்கப் பயமான இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார்கள். நான் மார்க்கெட் மூலையில் ஒட்டினேன்.

"அங்க என்னம்மா பயம்?" என்று பொறியாளர் அக்கா கேட்டார்.

"பழவண்டி மறைக்குதுக்கா. பஸ் திரும்புறதே தெரியல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது என்னைப் பெற்ற அத்தாவின் வண்டி. அந்த இடம் போய்விட்டால் அத்தா எங்கே நின்று விற்பார்?

ராத்திரி சாப்பிடும்போது அத்தாவே பேச்சை எடுத்தார். "ரோடு அளக்குறவங்க வந்தாங்க. வண்டிய வேற எடத்துல போட முடியுமான்னு கேக்குறாங்க. எவளோ ஒரு புள்ள மாட்டிவுட்டுட்டா."

அம்மா அந்தப் பெண்ணைத் திட்டத் தொடங்கினாள்.

"வுடு. பாவம், தெனம் பயந்துகிட்டுல்ல ரோட்டத் தாண்டுது" என்றார் அத்தா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் அந்த வழியாதானம்மா வர்ற?"

தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.