சாளை வெட்டிய கைக்குச் சிவப்புச் சாயம்

இன்று என் பியூட்டி பார்லருக்கு வந்த ஒருத்தி வெந்நீர்க் கிண்ணத்தில் கையை முக்கியதும் சாளை மீன் வாடை எழும்பியது. கோபம் முழுவதும் உன்மேல்தான் வந்தது. நீ செத்துப்போய் எட்டு மாதமாகியும் உன்னோடு சண்டை போட எனக்கு விஷயம் தீரவில்லை.

கடற்கரைச் சந்தையில் மீன் விற்றவள் நீ. உன் மகளின் நிச்சயத்துக்கு முந்தின நாள், கூடப் படித்தவள் என்ற உரிமையோடு உள்ளே வந்து இரண்டு கையையும் என் மேசையில் வைத்தாய். முள் குத்திய வடுக்கள், ஐஸில் வெடித்த விரல் நுனிகள். ஊறவைத்து, தேய்த்து, நகம் ராவி, நீ கேட்ட சிவப்பைப் பூசினேன். அனுப்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன்: இன்றைக்குத் தண்ணீரில் கை வைக்காதே, படுக்கும் முன் நகக்கண்ணில் தேங்காயெண்ணெய் தேய், மீன் வெட்டினால் கையுறை போடு, ஓரத்துத் தோலைப் பிய்க்காதே.

"சரிட்டி, சரிட்டி" என்றாய்.

மறுநாள் உன் வீட்டுக்கு வந்து பார்த்தால், விருந்துக்கான மீனை நீயே குந்தியிருந்து வெட்டிக்கொண்டிருந்தாய். சாயம் பாதி செதிலோடு போயிருந்தது.

"கையுறை எங்கட்டி?"

"அதைப் போட்டா மீனு வழுக்குது. வந்த ஆளுவ சாப்பிடாண்டாமா?"

அதன்பின் மாதா மாதம் இதே கதை. நான் பூசுவேன், நீ அழித்துக்கொண்டு வருவாய். ஒருமுறை நகக்கண்ணில் சீழ் வைத்ததை ஒரு வாரம் துணி சுற்றி மறைத்தாய். நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தேன்.

"சொன்ன ஒண்ணையும் கேக்கமாட்ட. பின்ன எதுக்குட்டி எங்கிட்ட வாற?"

துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஒனக்க மேசையில கைய வச்சா ஒரு மணிக்கூர் ஒண்ணுஞ் செய்யாம இருக்கலாம்லா. வேற எங்க சும்மா இருக்க விடுகாவ?"

அதற்கும் எரிச்சல்தான் வந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை மாதம் எண்ணெய், கையுறை என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்க மாட்டேனே.

பிறகு ஒரு காலை, சந்தையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். சவப்பெட்டியில் வைக்கும்முன் உன் மகள் என்னைத் தனியே கூப்பிட்டு, "சித்தி, அம்மைக்க கைய மட்டும் கொஞ்சம் பாருங்க" என்றாள். நகங்களைச் சுத்தம் செய்து அதே சிவப்பைப் பூசினேன். அன்றைக்குத்தான் அது ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

இப்போது யாருக்குப் பூசி முடித்தாலும் நான் உடனே எழுப்பிவிடுவதில்லை. "கொஞ்சம் இருங்க, காயட்டும்" என்கிறேன். சாயம் எப்போதோ காய்ந்திருக்கும்.