நம் கம்பெனி வளரும் என்று சொன்னேன்

செண்டாயானில் இருக்கும் நம் பட்டறையில் இன்று காலை ஈயம் பற்றவைக்கும் வாசனை தூக்கலாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்தால் நீயும் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். உன்னிடம் சொல்ல வேண்டியதை இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைகளின் மட்டைகள் வானத்தையே மறைத்திருக்கும். அதன் அடியில் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காமல் டிராக்டர்கள் தடம் மாறிப் போகும். அதற்காகத்தானே சிக்னல் இல்லாமலும் இருக்குமிடம் காட்டும் நம் பெட்டியைச் செய்தோம்! முதன்முறை அது சரியாகக் காட்டியபோது சேற்றில் நின்றபடி, "டேய், இனி எவனும் வழி தெரியாம நிக்க மாட்டான் லா!" என்று கத்தினாய்.

எஸ்டேட்டுகள் பெரிதாக வாங்கவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு உன் பங்கு உன் மனைவி தேவிக்கு வந்தது. இப்போது எங்கோ நடக்கும் போரில் கடலெங்கும் சிக்னலைக் குழப்புகிறார்கள். ராணுவத்துக்குக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்று நம்மைத் தேடி வந்தது. சில மாதங்களுக்கு முன் அதன் அதிகாரி எங்கள் எதிரில் உட்கார்ந்து, "உங்க கம்பெனி இன்னும் எவ்ளோ வளரும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இந்தச் சண்டை நீடிச்சா நமக்கு நல்ல காலம்தான் சார்." சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பக்கத்தில் இருந்த தேவி மெதுவாகப் பேசினார். "அண்ணே, நவீன் கப்பல் அந்தக் கடல்லதான் இருக்கு. நேத்திலிருந்து போன் இல்ல. நம்ம பெட்டிய அவன் கப்பல்ல வைக்க முடியாதா?"

உன் மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தபோது வழியனுப்பப் போனவன் நான். நல்ல காலம் என்று சொன்னபோது அவன் என் நினைவுக்கே வரவில்லை.

ஒப்பந்தப்படி நம் பெட்டியை ராணுவத்தைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. சரக்குக் கப்பல்களுக்காவது விடுங்கள் என்று கேட்டேன். "இப்ப முடியாது சார்" என்றார் அதிகாரி. மறுபடி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். "அவர் இருந்தாலும் கம்பெனி வளரணும்னுதான் சொல்லியிருப்பாரு" என்று சொல்லித் தேவியும் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மறுநாள் நவீன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். சிக்னல் குழம்பி வழி தவறிய கப்பல் பாறையில் மோத இருந்து தப்பியதாம்.

விடுமுறைக்குப் பாரோயில் உள்ள வீட்டுக்கு வந்தவன் நேற்று பட்டறைக்கும் வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், அப்பா ஆரம்பிச்ச கம்பெனி நல்லா வளந்திருச்சு லா" என்று பெருமையாகச் சிரித்தான். கப்பல்களுக்கு விற்க மாட்டோம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டது அவனுக்குத் தெரியாது, தேவி சொல்லவில்லை.

"ஆமாம்பா" என்றேன். அவன் கையில் எடுத்துப் பார்த்த பெட்டியை வாங்கி, ராணுவத்துக்கு அனுப்பும் அடுக்கில் திரும்ப வைத்தேன்.