படிக்க வந்த எழுத்து
14-8-1998, வெள்ளி

கனவுக்குள்ளேயே அது கனவு என்று கண்டுபிடிக்கப் பேத்தி வழி சொன்னாள். "ஆயா, உனக்குக் கன்னடம் படிக்க வராதில்ல? பஸ் போர்டைப் பாரு. படிக்க வந்துச்சுன்னா கனவு."

செத்துப்போன ஓரகத்தியைக் கனவில் நிறுத்திக் கேட்கத்தான் இதைப் பழகினேன். என் அம்மா செத்த தந்தியை மூன்று நாள் ஒளித்து வைத்தவள். நேற்றுக் கனவில் போர்டைப் படித்தேன், அவளைப் பிடித்தேன். ஏன்டி மறைத்தாய் என்றேன். சிரித்தாள். "சீக்கிரமே இங்க வரப்போற, அப்ப சொல்றேன்க்கா."

இன்று மத்தியானம் பேத்தியோடு பெங்களூர் மர்பி டவுன் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வந்து நின்ற பஸ்ஸின் போர்டில், நாற்பது வருஷமாகக் கோழிக்கிறுக்கலாய்த் தெரிந்த எழுத்து படிக்க வந்தது. ஜீவனஹள்ளி. ஓரகத்தி குடியிருந்த இடம். நான் ஏறவில்லை. பேத்தியின் கையை அழுத்திக் கிள்ளினேன்.

"ஐயோ, வலிக்குது ஆயா!"

கனவில் கிள்ளினாலும் இவள் இப்படித்தான் கத்துவாள்.