சூடாமணியின் தும்மல்

2 மே 1974, வியாழன்
மாடி அறை ஜன்னலில் ஏர்கண்டிஷனரைப் பொருத்திவிட்டார்கள். ஓய்வுபெற்றதும் தம்பி வேதாந்தத்துக்குப் பிறந்த ஞானம் இது. மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு இதுவே முதல் என்பதால் பதினோரு பேர் தரிசனத்துக்கு வந்தார்கள். இருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

குளிர் துளியும் வெளியேறக் கூடாதென்று வேதாந்தம் இடுக்குகளிலெல்லாம் கோந்து தடவிப் பழுப்புக் காகிதம் ஒட்டினான். என் அலமாரியும் அந்த அறையில்தான் இருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தபோது நான் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிய ஆயிரத்துச் சொச்சம் செடிகள். அவற்றுக்கும் இனி குளிர்ச்சி. என்ன யோகம்!

10 மே, வெள்ளி
வேதாந்தத்தின் மனைவி சூடாமணி ஒரு வாரமாகத் தும்முகிறாள். இன்று மாலை இழுப்பும் சேர்ந்துகொண்டது.

13 மே, திங்கள்
டாக்டர் வந்தார். ஏர்கண்டிஷனருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் சுகமாக உட்கார்ந்தார். பிறகு என் அலமாரியைக் காட்டி, "எல்லாம் பழைய காகிதத் தூசி. இத ஒழிச்சுக் கட்டுங்கோ" என்றார்.

வேதாந்தம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, அடுத்த திங்கக்கிழம பழைய பேப்பர்காரன் வரான். பாவம், அவளுக்கு மூச்சு முட்டறது."

பேப்பர்காரனா! ஆனைமலையில் அட்டை கடிக்கக் கடிக்கப் பறித்தவை — கடலை மடிக்கவா? விடமாட்டேன். ஆனால் அவள் மூச்சு?

17 மே, வெள்ளி
நான்கு நாள்களாகத் தும்மல்களை எண்ணினேன். செவ்வாய் மாலை நாற்பத்தொன்று. புதனும் வியாழனும் இருபதுக்குள். இன்று மாலை எண்ண முடியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள்கள். முன்பெல்லாம் முற்றத்தில் நின்று கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவாள். இப்போது?

"வெயில்ல யாரு நிப்பா அக்கா? ஜில்லுனு மாடி ரூம்லயே ஆயிடறது."

கதவைச் சாத்திக்கொண்டு!

18 மே, சனி
மெக்கானிக் மெஹபூப் பாஷாவை வரவழைத்தேன். பெட்டியின் முன்தட்டைக் கழற்றி வடிகட்டியை உருவினார். கம்பளி போல அழுக்கு.

"இன்னாமா இது, ரூம்ல யாகம் பண்ணிக்கினு கீறீங்களா?" பிறகு பழுப்புக் காகிதத்தைப் பார்த்தார். "இதையும் ஒட்டி, வெளிக்காத்து வர்ற தட்டையும் சாத்திட்டா? அதே காத்ததான் சுத்திச் சுத்தி இஸ்துக்கினு கீறீங்க."

வெற்றி! வேதாந்தத்தை நான் பார்த்த பார்வை எனக்கே இனித்தது. அதற்குள் பாஷா என் அலமாரிப் பக்கம் திரும்பி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அதுல இன்னாமா போட்டுக்கீறீங்க? கண்ணு எரியுது."

பாச்சை உருண்டை. பூச்சி அண்டாமலிருக்கத் தட்டுக்கு ஒரு பிடி. இருபது வருஷமாக.

"நீங்க காலேஜ் டீச்சரம்மாதானே?" என்று மட்டும் கேட்டார்.

19 மே, ஞாயிறு
ஜன்னல் திறந்திருந்த காலத்தில் என் உருண்டையின் நெடி தெருவோடு போயிற்று. இப்போது அவள் புகை, தம்பியின் காகிதம், என் உருண்டை என்று மூவரின் குற்றமும் மொத்தமாகச் சூடாமணியின் மூக்கில் இறங்கியிருக்கிறது.

உருண்டைகளை நானே பொறுக்கி எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வீடே நாறியதால் சொல்லத் தேவைப்படவுமில்லை.

20 மே, திங்கள்
பேப்பர்காரன் வந்தான். வேதாந்தம் தன் பழைய செய்தித்தாள்களைத் தூக்கிக் கொடுத்தான்.

21 ஜூன், வெள்ளி
சாம்பிராணி முற்றத்துக்குத் திரும்பிவிட்டது. சனிதோறும் வடிகட்டி கொடியில், வேதாந்தத்தின் வேட்டிக்குப் பக்கத்தில் காய்கிறது. சூடாமணி தும்மிப் பத்து நாளாயிற்று.

அலமாரிக்குள் பூச்சி வந்துவிட்டது. ஆனைமலைச் செடி ஒன்றில் நரம்பு மட்டும் மிச்சம். வசம்பு வைத்துப் பார்த்தேன். பூச்சிக்கு அது பிடித்துப்போயிற்று போலும்.

சூடாமணி பார்த்துப் பதறினாள். "ஐயோ அக்கா, உருண்டையப் போட்டுடுங்கோ. நான் கீழயே படுத்துக்கறேன்."

"போடி, குளிர் வீணாப் போறது. மேல போய்ப் படு" என்றேன்.